ஓரடி ஆழம்

வீட்டுக்காரர் முனிரத்தினம் கேட்டது ஒன்றுதான்:
"எவ்ளோ வெயிட்டு வரும்?"
நாலடி நீளம், இரண்டடி அகலம்,
உயரம் வெறும் ஓரடி என்றேன்.
எடையைச் சொல்லவில்லை.
சத்துவாச்சாரியில் முதல் மாடி.

மேலிருந்து குனிந்து பார்க்கிற கடல்தான் வேண்டியிருந்தது எனக்கு.
முட்டிக்கும் வராத காயல்.
ஓரத்தில் கல், மிச்சமெல்லாம் மணல்,
நடுவே ஒன்றுமில்லாத இடம்.
"அந்த ஒண்ணுமில்லாத இடத்துக்குத்தான் கண்ணாடி ஜாஸ்தி"
என்றார் ஒட்டிக்கொடுத்த காகிதப்பட்டறை இம்தியாஸ்.

எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு இல்லாமலா?
மீட்டர் ஆயிரத்து எழுநூறு காட்டும்.
பக்கெட் அடியில் வெள்ளையாக உட்காரும்.
எங்கிருந்து வந்த உப்பு என்று கேட்டால்
தெருவில் ஆளுக்கொரு பதில்.
ஆனால் கடலின் உப்பில்லை அது.
அத்தனையையும் வடித்துப் பூஜ்யமாக்கி
பிறகு விலைகொடுத்து வாங்கிய உப்பைக்
கிலோ கணக்கில் கொட்டிக் கலக்கினேன்.
எடுத்துவிட்டுப் போடுவது என் வேலைதான்,
டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருஷம்.
சவ்வு, சோடியம், கால்சியம், பைகார்பனேட்.
ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால்
அதே நாலு பேர் ஹாலில்.

பவளம் வாங்கவில்லை. சட்டம் தொடாதே என்கிறது,
தொட எனக்கும் மனசில்லை.
சிமெண்ட், கிளிஞ்சல் தூள், கல்லுப்பு.
மொட்டைமாடியில் பிசைந்து மணல் குழிகளில் ஊற்றினேன்.
உப்பு கரைந்த இடமெல்லாம் பொந்து.
காரம் இறங்கட்டும் என்று ஒன்றரை மாதம்
தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டேன்.
துணி காயப்போட வந்த ரெபேக்கா
"என்னாக்கா, கருவாடா?" என்றாள்.

அப்புறம் காலித் தொட்டியில்
ஒற்றை இறாலைப் போட்டு அழுகவிட்டேன்.
கண்ணுக்குத் தெரியாததெல்லாம் முதலில் குடியேற வேண்டும்.
மணல் பழுப்பானது. கண்ணாடி பழுப்பானது.
வந்தவர்கள் எல்லோரும் மீன் எங்கே என்றார்கள்.
ஜெமிமா எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்:
"அம்மா தண்ணி வளக்குறாங்க."

சித்திரையில் நாற்பத்திரண்டு டிகிரி.
சில்லர் விலைக்குப் பழைய ஸ்கூட்டி வாங்கலாம்.
ஃபேன் வைத்தேன்.
காற்று தண்ணீரை மட்டும் கொண்டுபோனது,
உப்பை எனக்கு விட்டுவிட்டு.
போனது நல்ல தண்ணீர், ஊற்றவேண்டியதும் நல்ல தண்ணீர்.
இது உறைக்காமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி
இரண்டு நத்தைகளைக் கொன்றேன்.
ஓடுகள் இன்னும் ஜன்னலில் இருக்கின்றன.

திங்கள், வியாழன், மூன்றாம் படுக்கை:
மேல்விஷாரம் ஜலால் பாய்.
முப்பது வருஷம் தோலுக்கு உப்புத் தேய்த்த கை.
நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவருக்கு,
டீ, குழம்பு, மாத்திரை விழுங்குவது எல்லாம் சேர்த்து.
ஃபோனில் படம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.
"தெனம் எவ்ளோ ஊத்துறீங்க?"
"நாலு லிட்டர் பாய்."
ஊசி ஏற்றிய கையை அசைக்காமல்
கூரையைப் பார்த்தார்.
"குடுத்து வெச்சது" என்றார்.
அடிக்காத அலாரத்தை
நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் கொளத்தூர் போய்
பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஜோடி ஒன்று,
நத்தை மூன்று, மடியில் பையோடு பஸ்ஸில்.
வாலாஜா தாண்டும்வரை
பக்கத்து சீட் அம்மாள் அதைச் சாப்பிடுவார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.
ஒரு நத்தையின் ஓட்டில் ஏதோ இளஞ்சிவப்பு.
நான் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை.

கார்த்திகை மழையில் ஒரு காலை
இடதுபக்கக் கல்லில் அதே நிறம், மிளகளவு.
நெயில்பாலிஷைச் சிந்தினாயா என்று
ஜெமிமாவைக் கத்தி அனுப்பினேன்.
விரலால் தேய்த்தேன். போகவில்லை.
நகத்தால் சுரண்டினேன். போகவில்லை.
நான் பிசைந்த சிமெண்டில்
அது தானாகப் பிடித்திருந்தது.
ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்தேன்.
அவள் பள்ளி விட
இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.